விரல் படாத அடுக்கு

பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் அநாவசியம். ஷட்டர் கடகடவென்று மேலே போனால் விடிந்துவிட்டது. பானையோடு பானை மோதினால் முதல் ஆள் வந்தாயிற்று. கடையில் இருக்கிற பெரிய பாத்திரத்தையெல்லாம் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு டீ வடிகட்டியை வாங்கிக்கொண்டு போகப்போகிறார். சத்தமே இல்லையென்றால் கடைக்காரர் யாரையோ மடக்கிவிட்டார், ஆள் யோசனையில் இருக்கிறார், மாடியில் இருப்பவர்கள் நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது.

அந்தக் கடைக்காரரின் ஒரே பிள்ளைக்குக் கடைவீதி முழுக்க 'வாத்தி' என்றுதான் பெயர். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற எரிச்சலில், கம்ப்யூட்டரில் பாடம் செய்கிற படிப்புக்குப் போனான். வேலை போனாலும் பெயர் போகவில்லை. அவன் கட்டிக்கொண்டு வந்தவள் மண்ணைத் தோண்டிப் பழைய ஆட்கள் வாழ்ந்த இடத்தைப் படிக்கிறவள். அவள் முனைவர் பட்டம் வாங்கிய அன்று மாமனார் பெருமை தாங்காமல் "மருமக டாக்டர் ஆயிட்டா" என்று வீதி முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாளே பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் முட்டி வலியோடு மாடியேறி வந்துவிட்டார்.

"நான் செத்தவங்களைத்தான் பாப்பேன் அண்ணே," என்றாள் அவள். "அதுவும் ரொம்ப நாளைக்கு முன்னாடியே செத்திருக்கணும்."

"அப்ப இன்னும் கொஞ்சம் பொறுத்து வரேன்," என்று அவர் இறங்கிப்போனார். அதிலிருந்து அவளும் 'டாக்டர்' ஆனாள்.

இரண்டு படிப்பும் பல்கலைக்கழகத்தில் ஒரே மேசையில் குடித்தனம் செய்ய ஆரம்பித்து, பிறகுதான் இரண்டு பேரும் குடித்தனம் வைத்தார்கள். அருங்காட்சியகத்தில் எதைப் பார்த்தாலும் 'தொடாதே' பலகைதானே, பிள்ளைகளுக்கு எப்படி ஆசை வரும் என்று அவள் ஒருநாள் அலுத்துக்கொண்டாள். தொடுகிற மாதிரி நான் செய்து தருகிறேன் என்றான் அவன். ஊருக்கு வெளியே, பழைய குடியிருப்பு ஒன்று புதைந்து கிடந்த வயலில், பாதியை அவள் தோண்டினாள். தோண்டத் தோண்ட ஒவ்வோர் அடுக்கையும் அவன் ஸ்கேன் எடுத்தான். அதையே டேப்பில், கையடக்கத் தொடுதிரைப் பலகையில், பாடமாக்கினான்: பிள்ளைகள் விரலால் மண்ணை அடுக்கடுக்காக உரித்து, உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். தோண்டாத மறுபாதிதான் அவர்களுடைய கனவு. டேப்பில் விளையாடிய பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், நிஜ மண்ணில், அவசரமில்லாமல், வருஷா வருஷம் கொஞ்சமாகத் தோண்டிக் காட்டுவது. அந்த மறுபாதியைத்தான் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குக்காரர்கள் கட்டடம் கட்டக் கேட்டிருந்தார்கள்.

கொடுப்பதா கூடாதா என்று முடிவெடுக்கிற குழு அன்று பகலில் கூடுகிறது. டாக்டருடைய வேலை ஒப்பந்தம் முடிந்துபோய்க் கொஞ்ச காலம் ஆகிறது. அந்த மண் தப்பித்தால் அவளுக்குப் பிழைப்பு. தப்பாவிட்டால் கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. மாமனார் அதை அடிக்கடி துடைத்துவைத்தார், பாவம், ஆசையாகத்தான்.

காலையில் வாத்தி அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். டாக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து டேப்பை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள், குழுவுக்கு முன்னால் எங்கே நிறுத்தி எதைச் சொல்வது என்று ஒத்திகை.

"இங்க வாங்க வாத்தியாரே."

"இரு, முட்டை கருகிடும்."

"கருகட்டும். சாம்பல் அடுக்கைக் காணோம்."

அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். அவள் மேல் தரையை உரித்தாள். டேப்பிலிருந்து வாத்தியின் குரலே "சபாஷ்! அடுத்த அடுக்குக்குப் போ!" என்றது. அந்தக் குரலை இந்த அறையில்தான், போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்தான். அப்படியும் சபாஷுக்குப் பின்னால் கடையில் விழுந்த ஒரு பாத்திரத்தின் 'ணங்' சேர்ந்துவிட்டது. அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. நம்ம கடைச் சத்தம் பள்ளிக்கூடம் போயிடுச்சு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"மேல் தரை. உரிச்சாச்சு," என்றாள் டாக்டர். "இதுக்குக் கீழ விரக்கடை கனத்துக்குச் சாம்பல் வரணும். அதுக்குக் கீழ இன்னொரு தரை. இங்க என்னடான்னா தரைக்குக் கீழ நேரா தரை. சாம்பல் எங்க?"

"ஓ, அதுவா," என்றான் வாத்தி. அந்த 'ஓ'வைச் சொன்ன மாத்திரத்திலேயே அது விலைபோகாத ஓ என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "பள்ளிக்கூடத்துல குடுத்துப் பாத்தோமில்ல, அப்ப அது பசங்க விரலுக்குச் சிக்கல. அவ்வளவு மெல்லிசு. விரலை வெச்சா மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் சேந்தே நகருது. முக்காவாசிப் பேர் அங்கேயே நின்னுட்டாங்க. ஒரு பொண்ணு அழுதே போச்சு. டீச்சர் 'சார், இந்த இடத்துல பாடமே நின்னுபோகுது'ன்னாங்க. அதான் மேல் தரையோட சேத்துவிட்டேன்."

"சேத்துவிட்டீங்க."

"உன்கிட்ட சொன்னேன்."

"எப்ப?"

"நீ அறிக்கை எழுதிக்கிட்டிருந்தே. 'ம்'னே."

"அறிக்கை எழுதறப்ப நான் எதுக்கு வேணாலும் 'ம்' போடுவேன். மாடியிலருந்து குதிக்கப் போறேன்னு சொல்லியிருந்தாலும் 'ம்'தான்."

வாத்தி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சாம்பலில்தான் அவர்கள் வாதமே நின்றது என்று அவனுக்கும் தெரியும். சாம்பலுக்குக் கீழே ஒரு ஜனம் இருந்தது, ஊர் எரிந்தது, வெகுகாலம் கழித்து வேறு ஜனம் வந்து அதன்மேல் தரை போட்டு வாழ்ந்தது. சாம்பல் இருந்தால் கீழ்த்தரை யாரும் பார்த்திராத பழசு, மறுபாதியில் அது முழுசாகக் கிடக்கும். சாம்பல் இல்லையென்றால் ஒரே வீட்டுக்காரர்கள் பழைய தரைக்குமேல் புதுத் தரை மெழுகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மாதிரி வீடு எங்கே தோண்டினாலும் கிடைக்கும்.

"சரி, விடுங்க. மூல ஸ்கேனைப் போடுங்க. அந்தக் கனமான ஃபைல். அதுல பளிச்சுனு இருக்கும்."

வாத்தி சட்டைத் துணியால் கண்ணாடியைத் துடைத்தான். மாட்டினான். மறுபடி கழற்றித் துடைத்தான். பேரத்தில் பதில் இல்லாதவன் சரக்கைத் துடைப்பான். கடைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் அதைக் கண்டுபிடிக்க மாட்டாளா?

"என்ன செஞ்சீங்க?"

"ஒப்பந்தம் முடிஞ்சதும் பல்கலைக்கழக ஆபீஸ்ல கம்ப்யூட்டரைத் திருப்பிக் கேட்டாங்க. துடைச்சுட்டுத்தான் குடுக்கணும்னாங்க. நான் முடிச்ச சரக்கை மட்டும் எடுத்துக்கிட்டேன். பாடத்துக்கு வேண்டியது. மூலம் மலை மாதிரி கிடந்துது... பானையை வார்த்தப்புறம் அச்சு எதுக்குன்னு..."

அவனே பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தோண்டுகிறவர்களுக்கு ஒரு நியதி உண்டு. இரண்டு குழிக்கு நடுவே ஒரு மண்சுவரைத் தோண்டாமல் விட்டுவைப்பார்கள். குழியில் எடுத்த மண் போனது போனதுதான், திரும்பி வராது. ஆனால் அந்த நடுச்சுவரின் பக்கவாட்டில் எல்லா அடுக்கும் வரிவரியாக நிற்கும். சந்தேகப்படுகிறவன் எவன் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தலாம். அதைக் கடைசிவரை இடிக்கக் கூடாது. இடிப்பதற்கு முன் பென்சிலும் அளவு நூலுமாக உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டையும் வரைந்து வைத்துவிட வேண்டும். டாக்டர் அந்த வேலையில் கெட்டிக்காரி. வெயிலில் சாக்கை விரித்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வரைய உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது.

அந்த வயலில் தோண்டிய பருவத்தின் கடைசி வாரம் மேகம் திரண்டு வந்தது. காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஆட்கள் அவித்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டு, நின்றபடியே தின்றுகொண்டு வானத்தைப் பார்த்தார்கள். நடுச்சுவரின் நிழல் வாத்தியின் ஸ்கேனில் கறுப்புப் பட்டையாக விழுந்தது. அந்தப் பட்டை இருந்தால் பிள்ளைகளுக்குத் தரை இரண்டு துண்டாகத் தெரியும், பாடம் பிளந்துபோகும்.

"சுவரை எடுத்துட்டா ஒரே விரிப்பா வந்துடும்," என்றான் அவன் அப்போது.

"இன்னும் வரையல."

"வரையறதுக்குள்ள மழை வந்துடும். சுவரையும் எல்லாப் பக்கமும் ஸ்கேன் எடுத்தாச்சு டாக்டர். உன் பென்சிலைவிட அது நுணுக்கம்."

அவள் வானத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஸ்கேன் வெள்ளோட்டத்தை மேசையில் முதல்முதலாக அவளுக்குக் காட்டிய நாளில் இருந்த அதே முகம். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இடிச்சிடுங்க மேஸ்திரி," என்றாள். நாள் முழுக்க அந்தச் சுவரைத் தாண்டித் தாண்டி மண் சுமந்த மேஸ்திரிக்கு ஏக சந்தோஷம். மண்வெட்டிகள் இறங்கின. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் சுவர் தரைமட்டம். மறுநாள் மழை பிடித்தது. பிறகு குழிகளை மூடிச் சமன் செய்தார்கள். கையோடு எடுத்த புகைப்படங்கள் இருந்தன, மேகமூட்டத்தில் எடுத்தவை. அதில் சாம்பல் என்று அவள் விரல் வைத்துக் காட்டினால் சாம்பல், மற்றவர்களுக்கு ஈரத்தில் ஊறிய கறை.

"எழுதின அறிக்கையில சொல்லியிருக்கியே," என்றான் வாத்தி இப்போது.

"சொல்லியிருக்கேன். 'ஸ்கேனில் காண்க'ன்னு."

கீழே பாத்திரம் எதுவும் சத்தம் போடவில்லை. யாரோ யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"திட்டிடு," என்றான் அவன். "ரெண்டு வார்த்தை திட்டிடு."

"எப்படித் திட்டறது? சுவரை இடிக்கச் சொன்னது என் வாயி. உங்களை மட்டும் திட்டினா தராசு நிக்காது." அவள் டேப்பை மூடினாள். "முட்டையைக் கொண்டாங்க. ஆறினா நாறும்."

இரண்டு பேரும் ஒரே தட்டில், ரொட்டியால் வழித்துத் தின்றார்கள். அந்தச் சாப்பாட்டில் யாருக்கும் ருசி தெரிந்ததாகச் சொல்ல முடியாது.

அவர்கள் கிளம்பி இறங்கும்போது மாமனார் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். குழு, நிலம் என்று அரைகுறையாகத்தான் அவருக்குத் தெரியும். ஆனால் எதிராளியிடம் எதையாவது தள்ளிவிடப் போகிறார்கள் என்கிற வரைக்கும் விஷயம் அவருடைய தொழில்.

"டேய், நீ பேசாத. நீ பேசினா பாடம் நடத்துவ. மருமகளே, நீயும் அதிகமாப் பேசாத."

"அப்ப யாருதான் மாமா பேசறது?"

"சரக்கு பேசும்! அந்தப் பலகையைப் பெரிய மனுஷன் கையில குடுத்துடுங்க. கையில குடு, வாயை மூடு. கையில எடுத்தவன் கீழ வெக்க மாட்டான். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

"சரிங்க மாமா," என்றாள் டாக்டர். அவருக்கு அது போதும். வாசல்வரை வந்து, போகிறவர்கள் முதுகில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டுப் போனார்.

குழு கூடிய அறையில் நீண்ட மேசை, பாலிதீன் உறை பிரிக்காத நாற்காலிகள், தட்டில் பிஸ்கட், தலைக்குமேல் இழுத்து இழுத்துச் சுற்றும் மின்விசிறி. தலைவர் நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கிடங்கு நிறுவனத்தின் சார்பில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்திருந்தார்; அவரும் டாக்டருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

வேறு வழி தோன்றாமல் வாத்தி அப்பா சொன்னதையே செய்தான். டேப்பைத் தலைவர் கையில் கொடுத்தான்.

"நானா தோண்டணும்?"

"விரலால தள்ளுங்க சார்."

தலைவர் தள்ளினார். புல் விலகியது, மண் விலகியது, பானை ஓடுகள் எட்டிப் பார்த்தன. "சபாஷ்! அடுத்த அடுக்குக்குப் போ!" ணங்.

"அட!" அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாருய்யா குரல் குடுத்தது?"

"நான்தான் சார்."

"என்னைச் சபாஷ்னு சொல்லி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? வீட்டுலகூடச் சொல்றதில்ல." குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். கோட்டுக்காரர் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். தலைவர் மேல் தரையை உரித்தார், கீழ்த்தரைக்குப் போனார், அடுப்பங்கல்லைக் கண்டுபிடித்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிஸ்கட் அப்படியே இருந்தது. அப்பா சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

வாத்தி பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளிப் பார்த்தான். ஆள் சாம்பிளிலேயே வயிறு நிறைந்துவிட்டால் பிறகு மூட்டையை எவன் வாங்குவான்?

"நான் சொல்றேம்மா," என்றார் தலைவர், டாக்டரைப் பார்த்து, மனசார. "இவ்வளவு அழகா எல்லாத்தையும் இதுக்குள்ள பத்திரப்படுத்திட்டீங்க. இனி அந்த இடத்துக்கு என்ன ஆனா என்ன? வெயில்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகவும் வேண்டாம். உலகத்துல எந்தப் பிள்ளையும் இங்கயே உக்காந்து தோண்டலாம்."

"கட்டடம் வந்ததும் எங்க முன்கூடத்துலயே பெரிய திரையில வெக்கறோம்," என்றார் கோட்டுக்காரர். "இவங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு."

டாக்டர் எழுந்தாள்.

"சார், அதுல எல்லாம் இல்ல. ரெண்டு தரைக்கு நடுவுல ஒரு சாம்பல் அடுக்கு இருந்துது. அது இதுல இல்ல. அந்தச் சாம்பலாலதான் கீழ்த்தரை வேற காலம்னு சொல்றோம். தோண்டாத பாதியில அது இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?" என்றார் கோட்டுக்காரர். குரலில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பொய் சொல்ல ஒரு வார்த்தை போதும். வாத்தி மனசுக்குள் 'இருக்குன்னு சொல்லிடு, இருக்குன்னு சொல்லிடு' என்று கெஞ்சினான். அப்பா கடையில் இதே இடத்தில் அரை நொடிகூடத் தயங்கியதில்லை.

"தோண்டாம சொல்ல முடியாது," என்றாள் டாக்டர்.

"சரி, ஏற்கனவே தோண்டினதுல இருந்ததைக் காட்டுங்கம்மா. சுவர் ஒண்ணு விட்டு வெப்பீங்களாமே?" என்றார் தலைவர்.

"இடிச்சாச்சு."

"வரைபடம்?"

"வரையல. ஸ்கேன் இருந்துது."

"ஸ்கேன்?"

வாத்தி எழுந்தான். நாற்காலியின் பாலிதீன் தொடையில் ஒட்டிக்கொண்டு பிரிந்தது.

"நான்தான் சார். மூலத்தை நான் வெச்சுக்கல. பாடத்துல பிள்ளைங்க விரலுக்கு அந்த அடுக்கு சிக்கலைன்னு நான்தான் எடுத்தேன். அவங்க தோண்டினது சரி. நான் செஞ்சது தப்பு."

மின்விசிறி சுற்றியது. தலைவர் டேப்பைப் பார்த்தார், வாத்தியைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"தம்பி, இப்ப நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு. இதுல இருக்கறது சரின்னா எல்லாமே இதுல பத்திரமா இருக்கு, நிலத்தைப் பிடிச்சு வெக்கக் காரணமில்ல. இது தப்புன்னா, நீங்க ரெண்டு பேரும் காட்டறதை நம்பி நான் எப்படி நிலத்தை நிறுத்துவேன்?"

கடைவீதியில் பிறந்தவனுக்கு அது புரிய ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. எதை வைத்தாலும் எதிராளி தட்டே தாழ்கிற தராசு. வாத்தி உட்கார்ந்தான். டாக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்; அவளை யாரும் உட்காரச் சொல்ல நினைக்கவில்லை.

நிலத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று குழு முடிவெடுத்தது. பாடத்தைத் திருத்தி, எல்லாப் பள்ளிக்கும் கொடுக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தார்கள். திருத்துவதற்கு எதைப் பார்த்துத் திருத்துவது என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது தலைவர் டேப்பைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார்.

திரும்பும் வழி வயலை ஒட்டித்தான் போகிறது. கிடங்குக்காரர்கள் முடிவை எதிர்பார்த்தே இருந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஜல்லி வந்து கொட்டிக் கிடந்தது. தோண்டாத பாதியில் புல் நன்றாக வளர்ந்திருந்தது. டாக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தாள், அது பின்னால் போகிறவரைக்கும்.

"மேல்முறையீடு பண்ணலாம்," என்றான் வாத்தி.

"எதை வெச்சு?"



கடையில் மாமனார் ஒரு கல்யாண வீட்டுக்காரரை மடக்கிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, "என்னடா, கையில குடுத்தியா?" என்றார்.

"குடுத்தேன்ப்பா."

"கீழ வெச்சானா?"

"வெக்கவே இல்லப்பா."

"நான்தான் சொன்னேனே!" அவர் முகம் விரிந்தது. பிறகு மருமகள் முகத்தைப் பார்த்தார். விரிந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல், காலி ஸ்டூலைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். துடைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்திருக்க வேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர் பக்கம் அவசரமாகத் திரும்பினார். டாக்டர் படியேறிப் போய்விட்டாள்.

வாத்தி வீதியிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பூட்டுக்கடைக்காரர் முட்டியைத் தேய்த்தபடி, "என்ன வாத்தி, டாக்டரம்மா ஜெயிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். இவன் தலையை ஒருமாதிரி ஆட்டினான், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முனைக்கடையில் டீ வாங்கி, சிந்தாமல் மாடிப்படி ஏறினான்.

பாதிப் படியில் தன் குரலே அவனை நிறுத்தியது.

"சபாஷ்! அடுத்த அடுக்குக்குப் போ!" ணங்.

கதவு ஒருக்களித்திருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேல் தரைமேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். சாந்துக்கரண்டியால் மண் சீவுகிற பழக்கத்தில், மெதுவாக, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். அவள் எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் தரை முழுசாகத்தான் கழன்றது. கீழே நேராக மறு தரை.

"சபாஷ்! அடுத்த அடுக்குக்குப் போ!" ணங்.

பின்னால் போனாள். மண் மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி விரலை வைத்தாள்.

"சபாஷ்!"

அவன் டீயோடு நின்றான். உள்ளே போய் அந்தக் கையைப் பிடிக்கலாம். பிடித்தால் விரல் நிற்கும், வேறென்ன? அவளும் அழவில்லை. அழுதிருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குச் செய்ததுபோல எதையாவது எடுத்துவிட்டு, சுலபமாக்கித் தந்திருப்பான்.

"டேய்!" என்று கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யாரை இத்தனை தடவை மெச்சிக்கிட்டிருக்கே?"

கையில் டீ ஏடு கட்டியது. எங்கோ 'ணங்' என்றது. டேப்பிலா, கடையிலா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.